துக்கம் கேட்க வந்தவர்கள்

எங்கள் இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாரத்தில் அடக்கம் பண்ணினோம். பெரியவள் பாக்கியத்துக்கு ஏழு வயது. சின்னவன் தானியேலுக்கு நாலு முடிந்து ஐந்து நடந்தது. பெரிய யுத்தம் முடிந்ததற்கு மறு வருஷம், ஐப்பசி மாதம், ஆம்பூரில் வாந்திபேதி வந்தபோது இது நடந்தது.

சகோதர சகோதரிகளே, எனக்குச் சபை முன்னால் நின்று பேச வராது. நாலாம் வகுப்போடு படிப்பும் நின்றுவிட்டது. ஆனாலும் கர்த்தர் செய்த நன்மையைப் பூட்டி வைப்பது நன்றிகெட்ட வேலை என்று பாதிரி ஐயர் சொன்னார். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். யாராவது வாசிக்கட்டும். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

அந்தக் காலத்தில் ஒரு சாயபுவின் தோல் கிடங்கில் எனக்கு வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை எடுத்து மயிர் கழிக்க வேண்டும். கிடங்குக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். நாற்றமும் ஈயும் ஜாஸ்தி. ஆனால் வீட்டில் சிரிப்பு இருந்தது. என் மனைவி ஞானம்மாள் பேச்சுக்காரி. என் பங்குப் பேச்சையும் அவளே பேசிவிடுவாள். "உங்க அப்பாரு வாய்க்குப் பூட்டுப் போட்டு சாவிய ஆத்துல வுட்டுட்டாரு" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

எப்போதும் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிக்கத் தண்ணீர் கொண்டுவருவோம். அந்த ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் வந்து ஊற்றெல்லாம் மூழ்கிப்போனது. கிடங்குக் கிணற்றில் மொண்டோம். முதலில் எதிர் வீட்டுக் கிழவருக்குப் பேதி கண்டது. பிறகு தெரு முழுவதும். பாக்கியம் காலையில் படுத்தாள், விளக்கு வைக்கும் நேரத்தில் போய்விட்டாள். அவளைப் புதைத்த மூன்றாம் நாள் தானியேல்.

தானியேலைக் குழியில் இறக்கும்போது ஞானம்மாள் தலைமயிரை அவிழ்த்துப்போட்டு, மாரில் அடித்துக்கொண்டு ராகம் எடுத்தாள். அவள் தாய் வீட்டுப் பெண்கள் அப்படித்தான் ஒப்பாரி வைத்து அழுவார்கள். அடக்க ஜெபம் நடத்த வந்த எங்கள் சபை உபதேசியார் கையை உயர்த்தினார்.

"வேணாம்மா ஞானம். நம்பிக்கை இல்லாதவங்க அழற அழுகை அது. உன் புள்ளைங்க ஆண்டவர் மடியில கீறாங்க. வாய மூடிட்டு எங்களோட பாடு."

அவர் கொடியவர் அல்ல. விடியற்காலை முதல் குழிக்குக் குழி போய் நின்று அவர் தொண்டை கட்டியிருந்தது. ஒப்பாரி பழைய வழக்கம், ஞானஸ்நானத்தோடு அதை விட்டாயிற்று என்றுதான் எங்கள் எல்லோருக்கும் போதனை. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஞானம்மாள் வாயை மூடினாள். நாங்கள் பாடினோம். அவள் உதடு அசையவில்லை. அன்றைக்கு மூடிய வாயை அவள் திறக்கவே இல்லை.

ஊமைபோல் ஆகிவிட்டாள். சமைப்பாள், பெருக்குவாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். பேச்சு மட்டும் இல்லை. ஒரு பிடி சோறு தின்றால் உண்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்து, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பாள். உதடு வெடிக்கிறவரைக்கும் குடிக்கமாட்டாள். நோய்ப் பயம் என்று நினைத்தேன்.

நான் ஜெபித்தேன். முதலில், பிள்ளைகளைத் திருப்பிக் கொடும் என்றே கேட்டேன். மண்ணில் வைத்துவிட்டு வந்ததைக் கேட்கிறோமே என்ற வெட்கம்கூட எனக்கு இல்லை. பிறகு அந்த ஜெபம் தானாக ஓய்ந்தது. "ஆண்டவரே, அவள் வாயைத் திறந்தருளும். ஒரு வார்த்தை போதும்" என்பது மட்டும் மிஞ்சியது. உபவாசம் இருந்தேன். சபையார் வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு வருஷம் போயிற்று. அவள் வளையல் முழங்கைக்கு மேலே ஏறும் அளவுக்கு இளைத்துவிட்டாள். வேலூருக்குக் கூட்டிப்போய் ஒரு பெண் டாக்டரிடம் காட்டினேன். அந்த அம்மாள் நெஞ்சு, நாக்கு எல்லாம் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "உடம்புல வியாதி இல்ல. அந்த வீட்டுல இருந்தா இவ பொழைக்கமாட்டா. எங்கயாவது கிராமத்துப் பக்கம் கூட்டிட்டுப் போ."

எங்கே போவது? எனக்குக் காணி நிலம் இல்லை. கிராமத்தில் சொந்தம் இல்லை. தெரிந்த தொழில் தோல் ஒன்றுதான். கிடங்கில் தோல் பதமாக்கும் பட்டை அடுக்கிய கொட்டகைக்குள் போய் முழங்கால் போட்டேன். "நீர் இடம் காட்டாவிட்டால் இவளையும் அந்த இரண்டு குழிகளுக்குப் பக்கத்திலேதான் வைக்கப்போகிறேன்" என்று சொன்னேன். அது ஜெபமா சண்டையா என்று எனக்கே தெரியவில்லை.

வெளியே வரும்போது சாயபு நின்றிருந்தார்.

"இன்னா ஆசீர்வாதம், கண்ணு செவந்து கீது? சுண்ணாம்பு பட்டுச்சா?"

"இல்ல சாயபு."

"வருசத்துக்கு ஒரு வார்த்தை பேசற ஆளு நீ. இந்த வருசத்து வார்த்தைய இப்பவே சொல்லித் தொலை."

சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அணைக்கட்டு ஊருப் பக்கம் நமக்கு ஆவாரம் பட்டை வாங்கித் தர்றவன் சரியில்ல. ஈரப் பட்டைய வண்டியில ஏத்திவுட்டு ஒரே பேஜாரு. அங்க மலையடிவாரத்துல பட்டை போட ஒரு கொட்டா கீது. பக்கத்துலயே வூடு. நீ போறியா?"

தோல் பதமாவதற்கு ஆவாரம் பட்டைதான் வேண்டும். நல்ல பட்டை எது, கெட்டது எது என்று எனக்குத் தெரியும். தலையை ஆட்டினேன்.

"போ. ஆண்டவன் கீறான்" என்றார்.

தை மாதம் வண்டி கட்டினோம். வண்டி கல்லறைத் தோட்டத்தைத் தாண்டும்போது ஞானம்மாள் இறங்கிவிட்டாள். நானும் இறங்கினேன். அவள் இரண்டு மேட்டின்மேலும் கையை வைத்தாள். பிறகு எழுந்து வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். ஊரை விட்டுப் போகிறவன் பானை சட்டியை எடுத்துக்கொண்டு போகலாம். குழிகளை எப்படி எடுத்துக்கொண்டு போவது? வண்டி போகப் போக, பிள்ளைகளை மறுபடியும் ஒரு தடவை விட்டுவிட்டு வருகிறோம் என்றுதான் எனக்கு இருந்தது.

புது வீடு சின்ன வீடு. கூரை நல்ல கூரை. எதிரே கேழ்வரகுக் கொல்லை, அதற்கு அப்பால் மலை. காற்றில் நாற்றம் இல்லை. கிணற்றுத் தண்ணீர் இளநீர்போல் இருந்தது. கர்த்தர் இடம் காட்டிவிட்டார், இனி இவள் பேசுவாள் என்று நம்பினேன். அவள் பேசவில்லை. ஆம்பூரிலாவது தெருச் சத்தத்தில் எங்கள் வீட்டு மௌனம் கேட்காது. இங்கே பகலெல்லாம் அது கேட்டது. அங்கே பட்ட துக்கத்தைவிட இங்கே நான் அதிகமாகச் சோர்ந்துபோனேன்.

எனக்குப் பட்டை உரித்துக் கொண்டுவருகிறவர்களில் குப்பம்மா என்று ஒருத்தி. பக்கத்துக் கொல்லையில் வீடு. என் வயதிருக்கும். முதல் நாளே மூக்கைப் பொத்திக்கொண்டு, "வாங்க தோல்காரரே! நீங்க வர்றதுக்கு முந்தியே உங்க வாசனை வந்து ஊருல எல்லாருக்கும் கும்பிடு போட்டுட்டுது" என்றாள். பட்டைக் கட்டைச் சுமந்து வந்து போட்டதும் ஞானம்மாளிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். பதில் வராவிட்டாலும் அவளிடம் ஊர்க்கதையெல்லாம் சொல்லுவாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பட்டையை நிறுக்கும்போது கேட்டாள்.

"ஏன் தோல்காரரே, உங்க பொண்டாட்டி பொறவியிலயே ஊமையா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு பேசமாட்டேங்குது?"

ஆம்பூரில் எல்லோருக்கும் தெரியும், ஆகையால் யாரும் கேட்கமாட்டார்கள். இவளுக்குத் தெரியாது, ஆகையால் கேட்டாள். என்னையும் அறியாமல் சொல்லிவிட்டேன்.

"எங்களுக்கு ரெண்டு புள்ளைங்க. ஒரே வாரத்துல போய்ட்டாங்க. வாந்திபேதி. ரெண்டு வருசம் ஆவப்போவுது."

அவள் கையிலிருந்த கட்டு கீழே விழுந்தது.

"அட பாவி மனுசா! அவ கையால எத்தினி வாட்டி தண்ணி வாங்கிக் குடிச்சேன். துக்கம் கேக்காம குடிச்சுட்டேனே! வந்த அன்னிக்கே சொல்லக்கூடாது?"

பிள்ளையைப் பறிகொடுத்தவளை முதல் தடவை பார்க்கும்போதே கட்டிக்கொண்டு அழுதுவிட வேண்டும், எத்தனை நாள் கழிந்து பார்த்தாலும் அது தீர்க்க வேண்டிய கடமை என்பது அவர்கள் வழக்கம்.

"எங்க மார்க்கத்துல அப்படி ஒப்பாரி வைக்கறதில்ல" என்றேன்.

"பெத்தவ அழக்கூடாதுன்னு எந்த சாமி சொல்லிச்சு? போய்யா" என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் வெயில் ஏறும் நேரம். கொல்லை வரப்பின்மேல் குப்பம்மாவும் இன்னும் ஐந்தாறு பெண்களும் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கே சாவு விழுந்ததுபோல் தூரத்திலேயே குரல் எடுத்துவிட்டார்கள். நான் வாசற்படியில் நின்றேன். உபதேசியார் முகம் கண்ணில் வந்தது. சபை என்ன சொல்லும் என்று பயந்தேன். "வேண்டாம், போங்கள்" என்று நான் சொல்லியிருந்தால் அவர்கள் போயிருப்பார்கள். திரும்பி ஞானம்மாளைப் பார்த்தேன். அவள் கையில் முறம். அரிசியெல்லாம் தரையில் கொட்டிக்கிடந்தது. அவள் உடம்பு நடுங்கிற்று. பயத்தில் நடுங்குகிறாளா, வேறு எதனாலா என்று எனக்குத் தெரியவில்லை. "ஆண்டவரே, இது உம்மால் வருகிறதா?" என்று கேட்டேன். ஒரு சத்தமும் வரவில்லை. நான் வாசற்படியை விட்டு விலகி நின்றேன்.

குப்பம்மா உள்ளே போய் அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து தலையோடு தலை சேர்த்தார்கள். "நாங்க பாக்கலியே அந்த முகத்த, நாங்க தூக்கலியே அந்த மவராசன" என்று பாடினார்கள். கண்டிராத என் பிள்ளைகளுக்காக அவர்கள் கண்ணீர் நிஜமாகவே வடிந்தது. வெகுநேரம் அவர்கள் குரல் மட்டும் கேட்டது. பிறகு அதன் நடுவே, துருப்பிடித்த கீல் திறக்கிறதுபோல் ஒரு சத்தம். அது வார்த்தையாக ஆவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தாகம்னு கேட்டீங்களே, என் கண்ணுங்களா,
தண்ணின்னு குடுத்தேனே,
வெசம்னு அறியலியே, என் கண்ணுங்களா,
வெறுங்கையா நிக்கிறனே."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கிடங்குக் கிணற்றில் மொண்டு தன் கையாலேயே பிள்ளைகளைக் கொன்றதாக அவள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அதைச் சாதாரணப் பேச்சில் சொல்ல அவளால் முடியவில்லை. அழுகையில்தான் சொல்ல முடிந்தது. அந்த அழுகைக்குத்தான் அன்றைக்கு வழி இல்லாமல் போயிற்று. நான் பட்டைக் குவியலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். தானியேலைப் புதைத்த பிறகு நான் வாய்விட்டு அழுததும் அன்றுதான்.

ஓய்ந்தபின் குப்பம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "குடி தங்கச்சி. இது நல்ல தண்ணி" என்று வாயில் வைத்தாள். ஞானம்மாள் சொம்பைக் காலி பண்ணினாள்.

அவர்கள் போனபிறகு நான் அவளிடம் போய் உட்கார்ந்தேன்.

"அந்த வாரம் தெருவே அந்தக் கிணத்துலதான் மொண்டுது, ஞானம். நானும் அதே தண்ணியத்தான் குடிச்சேன்."

"பின்ன நீங்க ஏன் சாவல?"

"தெரியல."

"நான் ஏன் சாவல?"

"தெரியல, ஞானம்."

அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. ஒரு வார்த்தை கேட்டிருந்தேன். கர்த்தர் கொடுத்தார். நான் எதிர்பார்த்த கைகளால் கொடுக்கவில்லை, எதிர்பார்த்த வார்த்தையாகவும் கொடுக்கவில்லை. ஆனாலும் கொடுத்தார்.

அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் உபதேசியார் அந்தப் பக்கம் ஊழியத்துக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். பாயை விரித்தேன். ஞானம்மாள் மோர் கொண்டுவந்து, "குடிங்க ஐயா. வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள். அவள் குரலைக் கேட்டதும் அவர் தலைப்பாகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நடந்ததையெல்லாம் சொன்னேன். கண்டிப்பார் என்று தலை குனிந்திருந்தேன்.

"அன்னிக்கு எத்தினி குழியண்ட நின்னேன்னு எனக்கே தெரியாது, ஆசீர்வாதம்" என்றார். "இவ அழுதா நானும் அங்கயே வுழுந்துடுவேன்னு பயந்துட்டேன். நம்ம ஆண்டவரே தம்ம சிநேகிதன் கல்லறையண்ட அழுதாருன்னு எத்தினி வாட்டி பிரசங்கம் பண்ணியிருக்கேன். அன்னிக்கு நெனப்பு வரலியே."

ஞானம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஐயா, மழையில என் புள்ளைங்க மேடு கரைஞ்சு போச்சா?"

"இல்லம்மா. ஒவ்வொரு மழைக்கும் நான் போய் மண்ணு அணைச்சுட்டுத்தான் வர்றேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் அவளைத் தடுக்கவில்லை. அவரும் அழுதார்.

அதற்கப்புறம் எத்தனையோ அறுப்பு வந்துபோயிற்று. கர்த்தர் எங்களுக்கு வேறு பிள்ளை கொடுக்கவில்லை. ஐப்பசி மழை பெய்யும்போதெல்லாம் எங்கள் வீட்டில் அடுப்பெரிய நேரமாகிறது. துக்கம் போய்விட்டது என்று நான் சாட்சி சொன்னால் அது பொய். ஆனால் ஞானம்மாள் பேசுகிறாள், சண்டை போடுகிறாள், குப்பம்மாவோடு சேர்ந்து என் நாற்றத்தைக் கேலி பண்ணுகிறாள். நானும் அவளும் ஒரே பாயில் முழங்கால் போட்டு ஜெபிக்கிறோம். பேசாத தேவன் என்று ஒரு காலத்தில் நான் முறுமுறுத்தேன். அவர் எங்களை ஊரை விட்டு எழுப்பி, வண்டி ஏற்றி, அழத் தெரிந்தவர்களின் பக்கத்து வீட்டில் கொண்டுவந்து வைத்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் யாருக்காவது அப்படி வாயடைத்துப் போயிருந்தால், ஜெபத்தை விடாதீர்கள். உதவி எந்த வரப்பின்மேல் நடந்து வந்தாலும் வாசற்படியை மறித்து நிற்காதீர்கள். ஒருவரும் வராவிட்டால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அணைக்கட்டில் இறங்கி, பட்டைக் கொட்டகை எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஞானம்மாள் இருப்பாள். அவளும் ஆறுதல் ஒன்றும் சொல்லமாட்டாள். உங்கள் பிள்ளையின் பெயர் என்ன என்றுதான் முதலில் கேட்பாள்.