பதினோராவது கதவு

இங்கே வர்ணம் காயாது. முசிறியில் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துவிடுகிற அதே வர்ணம், இலங்கையில் லிந்துலைப் பக்கத்து மலையில் மூன்று நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். காலையில் ஜன்னல் வழியாக மேகம் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிடும். கரும்பலகை வியர்த்துப் போகும், சாக்கட்டி வழுக்கும். பின்வரிசைப் பிள்ளைகள் இருமுவதை வைத்துத்தான் அங்கே ஆள் இருப்பது தெரியும். ஊரில் இருக்கிற நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். என்னைப் போலக் கடல் தாண்டி வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அதை மறைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. இன்றைக்கு ஹட்டன் கடைவீதியில் தலையைத் தூக்கி நாலு போர்டு பார்த்தால் மூன்று என் கைவேலை. எங்கள் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் சித்திர வாத்தியார் என்று முதலில் கால் வைத்தவனும் நான்தான். வேறு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உலகச் சண்டை முடிந்த கையோடு ஓர் உறவுக்காரர் என்னைத் திருச்சியிலிருந்து அழைத்து வந்து தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் சேர்த்துவிட்டார். பெட்டிகளில் தோட்டத்தின் பெயரைப் பதிப்பது வேலை. எழுத்து வெட்டிய தகட்டைப் பெட்டிமேல் வைத்து மை தடவவேண்டும். ஆயிரம் பெட்டி அடித்தாலும் முதல் பெட்டிக்கும் கடைசிப் பெட்டிக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. அப்படிப்பட்ட கை. மாரியம்மன் கோயில் சுவரில் நான் ஒரு மயில் போட்டிருந்தேன். அதைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி பார்த்தாள். அவளும் படம் வரைகிறவள். இந்த ஆள் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கட்டும் என்று துரையிடம் சொன்னாள். நாற்பது வயதில், ஒரே நாளில் நான் வாத்தியார். அன்றைக்கே ஊரில் இருக்கிற வீட்டுக்காரிக்குக் கடிதம் போட்டேன், தெருவில் நாலு பேருக்குப் படித்துக்காட்டு என்று.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, கல்விக் கந்தோரிலிருந்து இன்ஸ்பெக்டர் வருவார், அவர் சரி என்றால்தான் என் பெயர் பதிவில் ஏறும் என்றார். ஸ்டோரில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். அப்போது இலங்கையில் தங்குவதற்கே எங்களுக்கெல்லாம் பர்மிட் வேண்டும் என்று வந்துவிட்ட காலம். வேலை இல்லை என்றால் பர்மிட்டைப் புதுப்பிக்கமாட்டார்கள், ஊருக்குக் கப்பல்தான். “நீங்க நல்லா வரைவீங்க, அது தெரியும். சொல்லிக்குடுக்கத் தெரியுமா? அவரு அதத்தான் பாப்பாரு” என்றார் பெரிய வாத்தியார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய கூட்டாளிகள் வேறு, வழியில் பார்த்தால் விடமாட்டார்கள். “என்னா வாத்தியாரே, புள்ளைங்க முதுகுலயும் தோட்டத்துப் பேர அடிச்சாச்சா?”

பயத்துக்கு நடுவில் சந்தோஷமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பெட்டிக்குள் விரிக்கிற தாளில் மிச்சத்தை ஸ்டோரில் கேட்டு வாங்கினேன். அடுப்புக்கரி, செங்கல் பொடி, துணிக்குப் போடுகிற நீலம், ஸ்டோர் மை, இவைதான் வர்ணம். தாளில் தேயிலை வாசம் அடிக்கும். பிள்ளைகள் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கரியை எடுப்பார்கள். வரைந்ததைப் பக்கத்துப் பிள்ளை பார்க்காமல் கையால் மூடிக்கொள்வார்கள். எனக்கும் அந்த வயதில் அதே பழக்கம்.

முதல் பாடம், வீடு. நாற்பது பேரும் நீளமாக ஒரு பெட்டியைப் போட்டு அதில் பத்துக் கதவு வைத்திருந்தார்கள். “வீடு போடச் சொன்னா ரயிலப் போட்டு வச்சிருக்கீங்க” என்று அதட்டினேன். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தைத் தினமும் பார்க்கிறவன்தான் நான். ஆனாலும் அதை வீடு என்று என் மனம் எடுத்துக்கொண்டதில்லை. இன்ஸ்பெக்டர் இதைப் பார்த்தால் என் கதி என்னாவது என்று மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒரு தகடு வெட்டினேன். ஓட்டு வீடு, ஒரு கதவு, இரண்டு ஜன்னல், பக்கத்தில் தென்னை. எனக்குத் தெரிந்த வேலை அது. ஒரே வாரத்தில் நாற்பது பேரும் ஒரே வீட்டைப் போட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஈரக் குடையோடு வந்தார். தாள்களைப் புரட்டிவிட்டு, “எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“ஆமாங்கய்யா. ஒன்னு மேல ஒன்னா வச்சுப் பாருங்க, கோடு பிசகாது.”

பெரிய வாத்தியார் என் காலை மிதித்தார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் இருந்த செவனம்மா என்ற ஒன்பது வயதுப் பிள்ளையை எழுப்பி, இது யார் வீடு என்று கேட்டார்.

“சாரோட வீடுங்க.”

“அப்ப உன்ரை வீடு?”

“அதப் போடக்கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு.”

அவர் சாக்கட்டியை அவளிடம் கொடுத்தார். ஈரப் பலகையில் அழுத்தி அழுத்தி அதே பத்துக் கதவைப் போட்டாள். ஏழாவதில் மட்டும் கதவுக்குப் பதிலாக ஒரு சாக்கைத் தொங்கவிட்டாள். அதுதான் தாங்கள் குடியிருக்கிற காம்பரா, கதவு உடைந்துவிட்டது என்றாள். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, “தகட்டை எறிஞ்சுபோட்டு மூண்டு மாசம் பிள்ளையளுக்குப் படிப்பியும். பிறகு வாறன்” என்றார். மூன்று மாதத்தில் மூட்டை கட்டு என்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

தகட்டை ஒரு வீட்டில் கோழிக்கூட்டுக்கு அடைப்பாகக் கொடுத்தேன். சாயங்காலங்களில் லயம் லயமாக நடந்தேன். எந்தக் கதவில் எந்தப் பிள்ளை என்று கற்றுக்கொண்டேன். என் கை துறுதுறுக்கும், பின்னால் கட்டிக்கொள்வேன். நான் திருத்தாமல் பிள்ளைகள் வரைந்தார்கள். கோணலும் மாணலுமாக இருந்த அவற்றை அப்படியே அடுக்கி வைத்தேன்.

அவர் சொன்னபடி வந்தார். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். என்னைப் பதிவில் ஏற்றி ஒப்பம் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். தாள்களை அடுக்கும்போதுதான் செவனம்மாவின் லயத்தில் கதவுகளை எண்ணினேன். பதினொன்று.

“ஒன்னு கூட இருக்கே புள்ள?”

“கடசிக் கதவு ஒங்களுக்கு சார்.”

அதன்மேல் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. என்ன என்று கேட்டேன்.

“பூட்டு. நீங்கதான் ஊருக்குப் போயிருவீங்களே.”

ஸ்டோர் மை. இன்னும் ஈரம், விரலால் ஓர் இழுப்பு இழுத்தால் பூட்டு போய்விடும். விரலைக் கொண்டுபோனேன். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டு வீட்டுக்காரி எழுதிய கடிதம் சட்டைப் பையில் இருந்தது. விரலை எடுத்துக்கொண்டேன்.

இப்போது இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுவிட்டன, யார் இங்கே இருப்பது, யார் இந்தியாவுக்குப் போவது என்று தோட்டமெல்லாம் பேச்சு. அந்தப் படம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பூட்டு காய்ந்துவிட்டது. எந்த வருஷம் காய்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை.