இருபத்திரண்டில் ஒட்டிய நாடா

அந்தப் பழைய லென்ஸ் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. ஒளி புகும் துளையைக் கூட்டிக் குறைக்கும் அதன் அபர்ச்சர் வளையத்தை 22-இல் நிறுத்தி ஒட்டிய கறுப்பு நாடாவின் பசை இன்னும் விரலில் பிசுபிசுக்கிறது. ஒட்டியவர் கிழக்கேகோட்டையில் நாங்கள் நடத்திய சிறு புகைப்படச் சங்கத்தின் செயலாளர். பெரிய அதிகாரியாக ஓய்வு பெற்றவர். சங்கத்தையும் ஆபீஸாகவே நினைத்துக்கொண்டவர்.

"ஓட்டை சின்னதானா மலையில புல்லைக்கூட எண்ணலாம், கேட்டியா?" என்பார். பாதி உண்மை. வளையத்தில் எண் ஏற ஏறத் துளை சுருங்கும். துளையைச் சுருக்கினால் அருகிலிருப்பதும் தொலைவிலிருப்பதும் சேர்ந்து தெளியும். அளவுக்கு மீறிச் சுருக்கினால் ஒளி சிதறி முழுப் படமும் மங்கிவிடும். அரைமணி நேரம் சோதித்துப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும். சோதித்துப் பார்ப்பது ஒன்றும் தெரியாதவர்கள் வேலை என்று அவருக்கு எண்ணம். படம் மங்கினால், "உனக்கு ஸ்டாண்ட் நேரா வைக்கத் தெரியலை" என்று எங்கள் தலையில் கட்டிவிடுவார்.

ஆண்டுக் கண்காட்சிக்காகக் கல்லாறு போனேன். எனக்கென்று லென்ஸ் கிடையாது, சங்கத்து லென்ஸ்தான். ஆற்றோரப் பாறையில் உட்கார்ந்து நாடாவை உரித்து, எட்டில் வைத்து எடுத்தேன். முன்னால் கிடந்த கூழாங்கல் முதல் பொன்முடி மலைச் சரிவின் புல் வரை அத்தனை துல்லியம். நாடாவைத் திரும்ப 22-இலேயே ஒட்டி, லென்ஸையும் படத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்காட்சியில் அதுதான் பெரிய படம். கீழே அவர் பெயர். பக்கத்தில் "அபர்ச்சர் 22".

"சார், எடுத்தது நானில்லையா?" என்றேன்.

"செட்டிங் என்னோடது. நீ பட்டனை அமுக்கினே, அவ்வளவுதான். மனசிலாச்சா?"

நாடாவை உரித்தேன் என்று சொல்லியிருந்தால் படம் என் பெயருக்கு வந்திருக்கும், லென்ஸ் அதன்பின் கைக்கு வந்திருக்காது. லென்ஸுக்காக வாயை மூடிக்கொண்டேன். அவர்மேல் எனக்கிருந்த இளக்காரத்தில் அன்று எனக்கும் ஒரு பங்கு வந்துசேர்ந்தது.

அவரும் போய்ச் சேர்ந்தார், சங்கமும் கலைந்தது, லென்ஸ் என்னிடம் வந்தது. போன மாதம் நான் எடுத்த ஒரு புகைப்பட வகுப்பில், இயற்கைக் காட்சிக்கு எட்டோ பதினொன்றோ போதும் என்றேன். மலையாளம் கலந்து பேசும் ஒரு கல்லூரிப் பெண் போனை நீட்டினாள். திரையில் என் கல்லாறு, கீழே அவர் பெயரும் "அபர்ச்சர் 22"-உம்.

"அல்ல சார், இருபத்திரண்டுதான் பெஸ்ட். இது பாருங்கோ."

"இது எட்டில் எடுத்தது."

"சாருக்கு எப்படி அறியும்? சார் அங்கே உண்டாயிருந்தோ?"

வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து லென்ஸை எடுத்து அந்தப் பசையைச் சுரண்டினேன். போகவில்லை.