பத்து ஐம்பதுக்கு வீட்டில் யார்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடியதில் எனக்கு முதலில் சந்தேகம் எதுவும் வரவில்லை. ஏழு வருஷத்துப் பெட்டி. காலையில் பட்டனைத் தட்டிவிட்டு, பால் காய்ச்சி, காபி கலந்து எடுத்துவந்தால்கூட திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். செகந்திராபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட். நாள் முழுக்க நாற்பது மெஷின்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால் வீட்டு மெஷினைத் தொடவே பிடிக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, மகளின் பரீட்சை ஹால் டிக்கெட்டைப் பிரின்ட் எடுக்க உட்கார்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். திரையின் வலது மூலையில் ஒரு சிவப்புக் கேடயம். உங்கள் கம்ப்யூட்டரில் முந்நூற்றுப் பன்னிரண்டு வைரஸ்கள் இருக்கின்றன, நீக்க இங்கே அழுத்துங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அழுத்தினால் கார்டு நம்பர் கேட்டது. மூடினால் அரை நிமிஷத்தில் திரும்ப வந்தது.

"இதை யார் போட்டது?" என்று கேட்டேன்.

"மைனே நை கியா மம்மி" என்றாள் மகள், நான் செய்யவில்லை என்று. டிகிரி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். தமிழ் நன்றாகவே புரியும், பதில் மட்டும் இந்தியிலோ இங்கிலீஷிலோதான் வரும்.

கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆன்டிவைரஸ்தானே. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அவர் சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் ஒர்க்ஸில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் விடமாட்டார். அப்படிப்பட்டவர் இதை இருந்துட்டுப் போகட்டும் என்றது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

லேபில் இந்த மாதிரிப் போலிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் சோதித்துவிடலாம் என்று ஒரு பென் டிரைவை முழுக்க அழித்துக் காலியாக்கிச் செருகினேன். ஒரு ஃபைல்கூட இல்லாத அந்தப் பென் டிரைவில் நாற்பத்தொரு வைரஸ் இருப்பதாக அந்தக் கேடயம் சொன்னது. அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

நீக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. சாதாரணமாக எடுக்கப் போனால் 'நிச்சயமா?' என்று மூன்று முறை கேட்டுவிட்டு அப்படியே நின்றது. சேஃப் மோடில் திறந்துதான் பிடுங்க முடிந்தது. லிஸ்டைப் பார்த்தால், அது வந்த அதே நாளில் இன்னும் இரண்டு வந்திருந்தன. ஒன்று கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன் என்று சொல்லிக்கொள்வது. இன்னொன்று பிடிஎஃப் மாற்றித்தரும் இலவச சாஃப்ட்வேர். மூன்றையும் எடுத்தேன். மெஷினைத் திறக்கும்போதெல்லாம் தன்னைத் தானே திரும்ப ஏற்றிக்கொள்ள அது போட்டுவைத்திருந்த ஏற்பாட்டையும் தேடி அழித்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது. பெட்டி மூச்சு விட்டது போலிருந்தது.

புதன்கிழமை வேலை விட்டு வந்து திறந்தேன். சிவப்புக் கேடயம் அதே மூலையில் உட்கார்ந்திருந்தது.

நான் எதையோ விட்டுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அதன் ஃபோல்டரைத் திறந்து, எப்போது உருவானது என்று பார்த்தேன். அன்றைய தேதி. காலை பத்து ஐம்பது. பழைய மிச்சம் முளைக்கவில்லை. யாரோ ஒருவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, புதிதாக இறக்கிப் போட்டிருக்கிறார். பிரவுசரில் என்ன பார்த்தார்கள் என்று தேடினேன். அன்றைய காலை முழுக்கத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

பத்து ஐம்பதுக்கு எங்கள் வீட்டில் ஆளே கிடையாது. கணவர் ஏழே முக்காலுக்குக் கிளம்பிவிடுவார். நான் எட்டரைக்கு. மகள் ஒன்பதுக்கு. காலேஜுக்கு வராவிட்டால் அன்றைக்கே என் போனுக்கு மெசேஜ் வந்துவிடும். வரவில்லை. இருந்தும் கேட்டேன்.

"சச் போல், உண்மையைச் சொல்லு. இன்னைக்கு நடுவுல வீட்டுக்கு வந்தியா?"

"நக்கோ மம்மி. மேரே பே கைக்கு டவுட்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். என் மேல் ஏன் சந்தேகம் என்று கேட்கிறாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். எங்கள் வீட்டில் வேலை செய்தவள். ஆறு வருஷமாக வந்துகொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் போன பிறகு பத்து மணிக்கு வந்து, தன்னிடம் இருந்த சாவியால் திறந்து, பாத்திரம் கழுவி, பெருக்கித் துடைத்துவிட்டுப் பூட்டிப் போவாள். அவளுக்கு இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கிற மகள் ஒருத்தி உண்டு. பழைய கம்ப்யூட்டர் எங்கேயாவது கிடைத்தால் சொல்லுங்கள் அம்மா என்று போன வருஷம் என்னிடம் கேட்டிருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. மகளைக் கூட்டிவந்து உட்காரவைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அந்த மூன்று நாளும் வீட்டில் எதைப் பார்த்தாலும் இடம் மாறியிருப்பதாகவே தோன்றியது. நாற்காலி மேஜைக்குள் தள்ளியிருந்தால் ஏன் தள்ளியிருக்கிறது என்று யோசித்தேன். ஒரு டம்ளர் கூடுதலாகக் கழுவிக் கவிழ்த்தியிருந்தது. அதையும் எண்ணி வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மட்டும் நாங்கள் சர்ச்சுக்குக் கிளம்பும் முன்பே ஏழு மணிக்கு வந்துவிடுவாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்வரை காத்திருந்தேன். கணவர் ஹாலில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

அவளிடம் தெலுங்கில்தான் பேசுவேன். "நாங்க இல்லாதப்போ இங்கே உட்கார்ந்து யாராவது கம்ப்யூட்டர் போடுறாங்களா? உன் பொண்ணு வந்தாளா? வந்திருந்தா சொல்லிடு, நான் திட்டமாட்டேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை கொஞ்சம் நீளமாக இருந்ததை நான் கவனித்தேன். குற்றம் செய்தவள் துணை தேடுகிறாள் என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அவர் பிரஷ்ஷை நிறுத்தவில்லை.

"நேனு முட்டுகோலேது அம்மா" என்றாள். நான் தொடவில்லை என்றாள், அவ்வளவுதான். மகள் வரவில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

"அப்போ வேற யார்? எங்களைத் தவிர சாவி உன்கிட்ட மட்டும்தானே இருக்கு."

அவள் முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்து டைனிங் டேபிளில் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

"கொஞ்சம் ஜாஸ்தியாப் பேசிட்டே" என்றார் கணவர், அவள் போன பிறகு.

"நீங்க சும்மா இருங்க" என்றேன். அன்று சர்ச்சில் பிரசங்கம் என் காதில் விழவில்லை. நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்ப வந்திருந்த மூன்றையும் அன்று சாயங்காலம் நீக்கினேன். திங்கட்கிழமை ஒன்றுமில்லை. பார்த்தாயா என்று எனக்குள் ஒரு திருப்தி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிவப்புக் கேடயம் திரும்ப வந்திருந்தது. உருவான நேரம் காலை பதினொன்று இருபது.

அவள் கொடுத்த சாவி என் கைப்பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். வாசல் பூட்டில் கீறல்கூட இல்லை. வீட்டில் வேறு யாரோ இருப்பது போல ஒரு பயம் வந்து, பாத்ரூம் கதவைக்கூடத் திறந்து பார்த்தேன்.

அதன் பிறகுதான் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். இரண்டு முறையும் பிடுங்கி எறிந்துவிட்டேனே தவிர, எதற்காக வந்தது என்று பார்க்கவில்லை. இந்த முறை எதையும் நீக்காமல் நேரங்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலில் வந்தது பிடிஎஃப் மாற்றும் சாஃப்ட்வேர். மற்ற இரண்டும் அதற்கு ஒரு நிமிஷம் கழித்து, அதன் முதுகில் தொற்றிக்கொண்டு வந்தவை. யாருக்கோ பிடிஎஃப் தேவைப்பட்டிருக்கிறது. நான் எடுக்க எடுக்க, அந்த ஆள் திரும்பத் திரும்ப இறக்கியிருக்கிறார்.

அந்த சாஃப்ட்வேரைத் திறந்தேன். பிரவுசரைத் துடைத்தவருக்கு இதையும் துடைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கவில்லை. கடைசியாக மாற்றிய ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. பயோடேட்டா. பயோடேட்டா புதியது. பயோடேட்டா கடைசி.

கடைசியைத் திறந்தேன். மேலே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. என் கணவர், டை கட்டிக்கொண்டு. கீழே அவருடைய இருபத்து மூன்று வருஷ வேலை இரண்டு வரிகளில் இருந்தது. எந்த மாதம் வரை என்ற இடத்தில் போட்டிருந்த மாதம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அவர் வழக்கம்போல ஆறே முக்காலுக்கு வந்தார். டிபன் பாக்ஸைச் சிங்க்கில் வைத்தார். நான் டீ கொடுத்தேன்.

"இன்னைக்கு வேலை ஜாஸ்தியா?"

"ஹவ், ஜாஸ்திதான். ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் பண்ண வேண்டியதாயிருச்சு" என்றார்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். என் கோபம் எல்லாம் அந்த லாட்டின் மேல் வந்தது. அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"பிடிஎஃப் பண்றதுக்கு அந்த சாஃப்ட்வேர் வேண்டாம். வேர்டுலயே பண்ணலாம். சேவ் பண்றப்போ கீழே லிஸ்ட்ல இருக்கும்" என்றேன்.

அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மகள் ரூமில் போனில் சிரித்துக்கொண்டிருப்பது கேட்டது.

"எங்க செக்‌ஷனையே மூடிட்டாங்க. பதினோரு பேர். வேற கிடைச்ச பிறகு சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

காலையில் பஸ் ஏறுவாராம். சனத்நகர் வரை போய், வேறு ஒர்க்ஸ்களில் விசாரித்துவிட்டு, நாங்கள் எல்லோரும் கிளம்பியிருப்போம் என்று கணக்குப் பண்ணிப் பத்தேகாலுக்குத் திரும்பி வருவாராம். மத்தியானம் டிபனைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி கிளம்பி, செகந்திராபாத் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பாராம். செட்டில்மென்டாக வந்ததிலிருந்து எடுத்து, சம்பளத் தேதியன்று வழக்கம்போல வீட்டுக் கணக்கில் போட்டுவந்திருக்கிறார். சிவப்புக் கேடயத்தைப் பார்த்து அவரும் பயந்துதான் போயிருக்கிறார். பயோடேட்டா அழிந்துவிடும் என்று நினைத்து, கார்டை எடுத்துக் கையில்கூட வைத்திருந்தாராம்.

எனக்கு அப்போது ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. "பத்தேகாலுக்கு அவ இங்கே இருந்திருப்பாளே."

"இருந்தா."

"அவளுக்குத் தெரியுமா?"

"அம்மாகிட்ட சொல்லாதேன்னு நான்தான் சொல்லியிருந்தேன். டீ போட்டுக் கொடுப்பா."

கூடுதலாகக் கழுவியிருந்த டம்ளர் அதுதான்.

"ஞாயித்துக்கிழமை உங்க முன்னாடிதானே கேட்டேன். உங்களைத்தானே பார்த்தா. வாயைத் திறந்திருக்கலாம்."

"திறந்திருக்கலாம்" என்றார். வேலை போனதைச் சொல்லும்போது கலங்காத குரல் அந்த ஒரு சொல்லில் உடைந்தது. நான் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. எனக்கே யாராவது சமாதானம் சொன்னால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் அவள் வீட்டுக்குப் போனோம். ரயில்வே லைனைத் தாண்டி ஒரு சந்தில் மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. ஆறு வருஷத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. அவள் மகள் தரையில் உட்கார்ந்து போனைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கணவர் தட்டுத்தடுமாறித் தெலுங்கில் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன்.

"சார் அன்னைக்கே சொல்லுவாருன்னு பார்த்தேன்" என்றாள். என்னிடம் திரும்பி, "நீங்க என்னைக் கேட்டிருந்தா பரவாயில்லை அம்மா. எதுக்கு என் பொண்ணை இழுத்தீங்க?" என்றாள்.

திரும்ப வருவாயா என்று கேட்டேன். அந்த நேரத்துக்கு வேறு வீடு கிடைத்துவிட்டது என்றாள். உண்மையாகவும் இருக்கலாம். உண்மையில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். டீ வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

கம்ப்யூட்டரை ஒருவழியாகச் சரிசெய்தேன். பழைய டிஸ்க் தேய்ந்துபோயிருந்தது. கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். இப்போது கண் மூடித் திறப்பதற்குள் திறக்கிறது. மகள் அப்பாவின் பயோடேட்டாவை முழுக்கப் பிரித்து நல்ல இங்கிலீஷில் எழுதிக்கொடுத்தாள். கோபமாகத்தான் எழுதினாள். அன்று என்னிடமும் அவள் சரியாகப் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்ட அன்று அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து, ராமச்சந்திராபுரம் பக்கம் வால்வ் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் கணவருக்கு இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் நாள் ஆறரைக்கே கிளம்பினார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய், லேபில் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு, பதினோரு மணிக்கு வராந்தாவுக்கு வந்து அவருக்குப் போன் செய்தேன்.

எடுத்தார். பின்னால் ஏதோ மெஷின் அரைக்கிற சத்தம் காதைப் பிளந்தது.

"என்ன விஷயம்?" என்று கத்தினார்.

"ஒண்ணுமில்லை. சாப்பாடு போதுமான்னு கேட்கத்தான்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துத் தூரமாகப் பிடித்திருக்க வேண்டும். மெஷின் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. நான் போதுமென்று சொல்லும்வரை அவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.