சிப்பாய் மாப்பிள்ளையின் குலம்

பேத்தியின் புதுப் பொம்மைப் பெட்டியில் அதன் பெயர், குணம், பிடித்த தின்பண்டம் எல்லாம் அச்சிட்டிருந்தது. சிறுவயதில் என் மண் சிப்பாய்க்கு நானும் கதை கட்டினேன். எனக்கில்லாத வீரமெல்லாம் அவனுக்கு!

அக்காவின் பொம்மைக்கும் அவனுக்கும் கல்யாணம் வைத்தோம். வெல்லப்பாகு மணத்தில் பந்தலே கிறங்கியிருந்தது. விருந்துக்கு வந்திருந்த அத்தை கேட்டார்:

"மாப்பிள்ளை எந்தக் குலம், எந்தக் கூட்டம், சாமி?"

"நம்ம கூட்டந்தானுங்க அத்தை."

"பொண்ணும் அதேதான? அண்ணன் தங்கச்சிக்காடா தாலி கட்டறீங்க?"

குலம் மாற வழி ஒன்றுதான். சிப்பாயை வேறு கூட்டத்தானான அத்தை மகனுக்குத் தத்துக் கொடுத்தேன். தாலி ஏறியது. சாயங்காலம் அத்தையின் வண்டியில் மாப்பிள்ளையோடு பெண்ணும் புகுந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்தவள் என்று அக்கா உரிமையோடு அழுதாள். பிள்ளையைத் தத்துக் கொடுத்தவனுக்கு அந்த உரிமையும் இல்லை, சிரித்துக்கொண்டே கையசைத்தேன்.