ஏழு தமர்

உப்பூர்ப் பக்கம் கடலோரத்தில் இருந்த எங்கள் தென்னந்தோப்பை விற்றுத்தான் அந்தக் கல்குவாரியைக் குத்தகைக்கு எடுத்தேன். பரமக்குடிக்கு மேற்கே, பஸ்ஸை விட்டிறங்கி வெகுதூரம் நடக்க வேண்டும். கடற்கரைச் சாலைக்கு ஜல்லி கொடுப்பதாகப் பேச்சு. ஐப்பசி மழைக்குள் கொடுக்காவிட்டால் குத்தகையும் கை நழுவும். வீட்டில் நான்கு பிள்ளைகள். வேறு பிடிமானம் இல்லை.

வெடிமருந்து வைக்கப் பாறையில் துளைக்கும் குழிக்குத் தமர் என்று பெயர். கம்பியைத் தூக்கித் தூக்கிக் குத்தி ஒரு தமர் இறக்க ஒரு ஆளுக்கு முழுநாள் பிடிக்கும். தமர் அடிக்க வந்தவர் பாறையைத் தட்டிப் பார்த்து, பன்னிரண்டு இடத்தில் கரியால் புள்ளி வைத்தார். பன்னிரண்டு நாள் கூலி. கூலியைப் பார்த்தால் மருந்து மலிவு.

"ஏழு போதும். தள்ளித் தள்ளிப் போட்டு, மருந்தைக் கூட வைங்க" என்றேன்.

"ஆகாது மொதலாளி. தள்ளிப் போட்டா வெடி மேல போயிரும். கல்லு உடைஞ்சு குடுக்காது."

"ஏழுமலையான் கணக்கு. நல்லதே நடக்கும்."

"பாறைக்கு எண்ணத் தெரியாதே மொதலாளி" என்று சிரித்தார்.

கூலியை மிச்சம் பிடிக்க நினைத்தவன் நான். பெருமாள் பேரைச் சொல்லி அதை மூடினேன். சாமி பேரைச் சொன்னதும் அவரும் கம்பியை எடுத்துவிட்டார்.

ஏழு தமரிலும் மருந்தை நிறைத்து, களிமண்ணால் கெட்டித்தோம். தேங்காய் உடைத்து, சூடம் காட்டித் திரியைப் பற்றவைத்தோம். சத்தம் வயிற்றுக்குள் இடித்தது. சில்லுகள் பக்கத்துப் புஞ்சை வரை பறந்தன. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு மாட்டுவண்டி அளவில் ஒன்பது உருண்டைப் பாறைகள் கிடந்தன. ஜல்லிக்கு ஆகிற கல் ஒரு கூடை தேறாது.

ஜல்லி உடைக்கச் சுத்தியலோடு உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி தமர்க்காரரின் மனைவி. "இதை எங்கன அடிச்சு ஒடைக்க? ஒரு யானையைப் பிடிச்சிட்டு வாங்க மொதலாளி" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். தமர்க்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒவ்வொண்ணுலயும் ஒரு தமர் போடணும். மருந்தும் வேணும்" என்றார்.

பன்னிரண்டு கசந்தது. இப்போது ஏழும் ஒன்பதும் பதினாறு. இருந்த மருந்தெல்லாம் முதல் வெடியிலேயே தீர்ந்திருந்தது. லைசென்ஸ் கடைக்காரர் மூன்று நாள் அலைய வைத்துத்தான் புது மருந்து கொடுத்தார். அதற்குள் இரண்டு பாறையில்தான் தமர் இறங்கியிருந்தது. மூன்றாவதில் நானே கம்பியைப் பிடித்தேன். உள்ளங்கை பிய்ந்து ரத்தம் வந்தது. "பெருமாளே, இன்னும் நாலு நாள் மழையை நிறுத்தி வை" என்று குத்துக்குக் குத்து கெஞ்சினேன். என்ன முகத்தோடு கேட்டேனோ.

மறுநாள் காலையிலேயே வானம் கொட்டியது. தமருக்குள் தண்ணீர் நின்றது. மருந்து வைக்க வழியில்லை. ஜல்லி ஏற்ற வந்த லாரி சேற்றில் திரும்பி காலியாகப் போயிற்று.

தை பிறந்ததும் வேறொருவர் குவாரியை எடுத்தார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அவரிடமே நாள்கூலிக்குப் போய் நின்றேன். தமர்க்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "கைக்குத் துணி சுத்திக்கங்க" என்று ஒரு சுத்தியலை நீட்டினார். எனக்கு உடைக்கக் கிடைத்தது, தமர் போட்டு வெடித்துப் பிளந்திருந்த அந்த ஒன்பதில் ஒன்று.