அசால்ட்டுக்கு நல்ல தமிழ்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. ஞாபகமும் முன்னே பின்னே போகும். பிழை இருந்தால் மன்னித்துப் படிக்கவும்.

போன வருஷம் வெயில் காலம். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் நடந்தது இது. என் மகன் அங்கே டிரெய்லர் ஓட்டுகிறான். முந்தின நாள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கேட் ஓரத்துக் கல்தூணில் இடித்து, கன்டெய்னர் ஒரு பக்கம் ஒடுங்கிப் போனது. கண்ணாடியில் தூண் தெரியவில்லை என்று அவன் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. கவனமில்லாமல் ஓட்டினான் என்று முடிவானால் வேலை போய்விடும். மறுநாள் விசாரணை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனான். எனக்கு மனசு கேட்கவில்லை. சோறும் சங்கரா மீன் குழம்பும் கேரியரில் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

அங்கே ஷெட்டில் மேஜை போட்டு, வெளியூர் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதிரில் என் மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவனுடைய கூட்டாளி டிரைவர். புது ஆளைக் கண்டாலே முந்தானைக்குள் முகத்தை மறைக்கிறவள் நான். வாசலிலேயே நின்றுவிட்டேன். அதிகாரி நல்ல மனுஷர். "உள்ள வாங்கம்மா. உங்க பையன் வண்டி எப்படி ஓட்டுவாரு?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில், ஒருத்தன் வேலையைச் சிரமமே படாமல் செய்தால் 'அசால்ட்டா செய்றான்' என்போம். அவ்வளவு நீள வண்டியை ஒற்றைக் கையால் திருப்புகிற என் பிள்ளைக்கு அதுதான் பொருத்தம். ஆனால் படித்தவர் முன்னால் தெருப் பேச்சுப் பேசலாமா? நல்ல தமிழில் சொல்ல ஆசைப்பட்டேன். வாரப் பத்திரிகைத் தொடர்கதையை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதில் கதாநாயகன் நாலு தடியன்களை அலட்சியமாகத் தூக்கி வீசுவான். அலட்சியமாகத் தலைமுடியை ஒதுக்கிக்கொள்வான். அந்த வார்த்தைதான் சட்டென்று வாயில் வந்தது.

"என் பிள்ளை ரொம்ப அலட்சியமா ஓட்டுவான் சார்."

அதிகாரியின் பேனா அப்படியே நின்றது.

"எம்மா! இன்னாமா சொல்ற?" என்று மகன் அலறினான்.

பாராட்டினால் கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். வராத தைரியமெல்லாம் வந்துவிட்டது. "அவனுக்கு அடக்கம் ஜாஸ்தி சார். சின்ன வயசுலேந்தே அலட்சியம்தான். எங்க வூட்டு ரத்தம் அது. இவங்கப்பா இன்னும் அலட்சியம். கடல்ல எம்மாம் பெரிய அலை வந்தாலும் மீன் புடிக்கிற போட்ட அலட்சியமா உடுவாரு."

அதிகாரி குரலைத் தாழ்த்தி, "அவரு இப்ப...?" என்றார்.

"வூட்ல தூங்கினுகீறாரு சார்."

கூட்டாளிக்காரன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். "சார், ஆயா அசால்ட்டுன்னு சொல்ல வந்துச்சு. அலட்சியம்னா கவனக்குறைவுன்னு அதுக்குத் தெரியாது சார்!"

"நானே பேஜாருல கீறேன், நீ வேற ஏம்மா!" என்று மகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. கேரியரோடு வெளியே வந்தேன். கேட் ஓரத்தில் மூங்கில் நட்டு ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தது. அதன் பின்னால் போய், அந்தக் கல்தூணில் சாய்ந்து அழுதேன். பிள்ளை பிழைப்பில் நானே மண் அள்ளிப் போட்டுவிட்டேனே!

அதற்குள், நேற்று ஓட்டிய மாதிரியே ஓட்டிக் காட்டச் சொல்லி அதிகாரியும் வண்டியில் ஏறியிருக்கிறார். எனக்கென்ன தெரியும்? யார்டில் எந்நேரமும் ஏதாவது ஒரு வண்டி கத்திக்கொண்டுதான் இருக்கும். திடீரென்று பேனர் என் மூக்கை உரசியது. அதற்குப் பின்னால் டிரெய்லர்!

"டேய், நான் கீறேண்டா!" என்று கத்தி, கேரியரால் வண்டியை டமடமவென்று அடித்தேன். நின்றது. குழம்பு முழுக்க என் புடவையில்.

மகன் குதித்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். அதிகாரி அவன் சீட்டுக்கு நகர்ந்து கண்ணாடியைப் பார்த்தபடியே, "தூணும் தெரியல, அம்மாவும் தெரியல. பேனர்தான் தெரியுது. இத எப்பய்யா கட்டுனீங்க?" என்று கேட்டார்.

வண்டி இடித்த அன்றைக்குக் காலையில்தான் கட்டினார்களாம், பாதுகாப்பு வாரம் என்று; இடித்ததில் சாய்ந்ததை மறுபடி நிமிர்த்திக் கட்டியிருக்கிறார்கள். நான் முன்பக்கம் வந்து எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். 'அலட்சியம் வேண்டாம்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது.

மகன் மேல் தப்பில்லை என்று அதிகாரி அங்கேயே சொல்லிவிட்டார். குழம்பு வழிய நின்ற என்னைப் பார்த்து, "வண்டி பின்னால வர்ற இடத்துல போய் நின்னீங்க பாருங்க, அதுக்குப் பேருதாம்மா அலட்சியம்" என்றார்.

அசட்டை, மெத்தனம், அஜாக்கிரதை என்று எதைப் படித்தாலும், இது திட்டா பாராட்டா என்று இப்போதெல்லாம் மகனைக் கேட்டுக்கொள்கிறேன். வார்த்தையை வெளியே விடுவதும் வண்டியைப் பின்னால் எடுப்பது மாதிரிதான், யார் மேல் போய் இடிக்கும் என்று பார்த்துத்தான் விடவேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

வண்டி, கண்ணாடி விவரமெல்லாம் சரியா என்று யாராவது தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். நான் இதை மிகவும் கவனமாகத்தான் எழுதினேன். 'அலட்சியமாக எழுதினேன்' என்று சொல்ல ஆசைதான், ஆனால் நீங்கள் எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வீர்களோ என்று பயமாக இருக்கிறது.