மோட்டார் ஓடாத பகல்கள்

அக்காவின் பதினாறாம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போட வேண்டும், தங்கை நீதான் எழுத வேண்டும் என்று சித்தப்பா சொன்னபோது எனக்கு எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடத் தெம்பில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அக்கா என்ன வேலை பார்த்தார் என்பது இதைக் கையில் வாங்கும் பலருக்கு இன்றுவரை தெரியாது. நம் சொந்தத்தில் பாதிப் பேர் அவர் வானிலை அலுவலகத்தில் இருந்தார் என்றே நினைத்திருக்கிறீர்கள். கல்யாண வீடுகளில் "மழை வருமா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் திருத்திச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் "எதுக்கும் குடை எடுத்துட்டுப் போங்க சித்தி" என்று சொல்லப் பழகிவிட்டார்.

அக்கா பிறந்தது தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். டியூஷன் எடுத்து என்னைப் படிக்க வைத்ததும், தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு மறந்தே போனதும் அக்காதான். இயற்பியல் படித்து, மலைமேல் இருந்த ஒரு சூரிய ஆய்வகத்தில் சேர்ந்தார். கரும்புள்ளிகள் இருக்கும் இடத்தில் சூரியனின் காந்த விசை முறுக்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் தாங்காமல் வெடிக்கும். அந்த வெடிப்பைத்தான் அக்கா ஆராய்ந்தார். குறிப்பிட்ட சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடும் தொலைநோக்கியில் அது பளிச்சென்று தெரியும், கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். எப்போது வரும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மேகம் வந்தால் போச்சு. ஆக, அக்காவின் வேலையில் பெரும்பகுதி காத்திருப்பதுதான்.

பிறகு பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். நாங்கள் இருந்த சேலையூர் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் மரச்சட்டத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி நிறுத்தினார். எங்கோ தூரத்து நிலையத்திலிருந்து வரும் ரேடியோ அலையை அது பிடிக்கும். சூரியன் வெடித்தால் அதன் எக்ஸ் கதிர்கள் நம் மேல்வானத்தைத் தாக்குமாம், உடனே அந்த அலையின் பலம் மாறுமாம். கணினித் திரையில் ஓடும் கோடு துள்ளி ஏறி, மெல்ல இறங்கும். செயற்கைக்கோள்கள் மேலிருந்து பார்த்தாலும், கீழே நம் வானத்தில் என்ன நடக்கிறது என்று அறிய ஊருக்கு ஊர் இப்படிக் கோடுகள் வேண்டும் என்பார்.

மேகம் கெடுக்காத அந்தக் கோட்டை, தண்ணீர் மோட்டார் கெடுத்தது. அது ஓடினால் திரை முழுக்க முள் முள்ளாகிவிடும். சூரியன் இருக்கும்வரை மோட்டார் போடக்கூடாது என்று அக்கா அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் கேட்டார். செயலாளர் ஏழுமலை அண்ணன் குதித்தார். எங்கள் அடுக்ககம் நிற்கும் மனை ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நெல்வயல். "இன்னாக்கா பேஜாரு இது? சூரியன் எங்கியோ கீது. என் மோட்டாரு அத்த இன்னா பண்ணுது?" கோடை வந்தால் சண்டை, தண்ணீர் லாரி வந்தால் சண்டை, நடுவில் நான். கடைசியில் விடியுமுன் ஒரு தடவை, பொழுது சாய்ந்தபின் ஒரு தடவை என்று முடிவானது. முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை.

அதன் பிறகுதான் அக்காவின் சிறுநீரகம் கைவிட்டது. டயாலிசிஸுக்குக் காலையில் வந்தால் உடம்பு தாங்கும் என்றார் மருத்துவர்.

"காலையில எனக்கு டியூட்டி இருக்கு டாக்டர்."

"நீங்க ரிட்டயர்டுதானே மேடம்?"

"நான் ரிட்டயர்டு. சூரியன் இன்னும் ஆகல."

மாலை நேரத்தையே கேட்டு வாங்கிக்கொண்டார். நாவலூரில் அலுவலகம் முடித்து, மேடவாக்கம் நெரிசலில் ஊர்ந்து வந்து, அவரைக் கூட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் மறுபடியும் ஊர்வேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தச் சூரியன் மேலேயே வெறுப்பு வந்தது. ஒருநாள் காரிலேயே கேட்டேன், இப்படி உயிரைக் கொடுத்துப் பார்க்க அதில் என்ன இருக்கிறது என்று.

"பதினோரு வருஷத்துக்கு ஒரு தடவைதான் இந்த உச்சம் வரும்டீ. வெடிப்பு அடிக்கடி வர்ற காலம் இதுதான். அடுத்தது வரும்போது நான் இருக்க மாட்டேன். இந்த ஒண்ண மட்டும் முழுசா பாத்துடறேன்."

அடுத்த முறையும் அதே நெரிசலில் அவரைக் கூட்டிப்போனேன். ஒரு மதியம் அக்கா என் அலுவலகத்துக்கு போன் செய்து "ஏறுதுடீ, ஏறிக்கிட்டே போகுது!" என்று கத்தினார். டயாலிசிஸ் படுக்கையில் கிடந்து துவண்டு வருகிறவரின் குரலா அது!

அந்த உச்சத்தை அக்கா பார்த்துவிட்டார். சூரியன் மெல்லத் தணியத் தொடங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில்தான் போனார். அன்று காலை வழக்கம்போலத் திரையின் முன் உட்கார்ந்தார். நான் காபியை வைத்தபோது, "இன்னிக்கு ஒண்ணும் இல்லடீ, சும்மா இருக்கு" என்றார். தம்ளரை எடுக்க வந்தபோது காபி அப்படியே இருந்தது.

அன்று வந்தவர்களுக்கு நினைவிருக்கும், மதியத்துக்குள் தண்ணீர் தீர்ந்துபோனது. அக்காவைக் குளிப்பாட்டவே தண்ணீர் இல்லை. "யாருப்பா அங்க, மோட்டாரப் போடுங்க!" என்று சித்தப்பா சத்தம் போட்டார். ஏழுமலை அண்ணன் அடுத்த தெருவிலிருக்கும் தன் பூர்வீக வீட்டிலிருந்து குடம் குடமாக லோடு ஆட்டோவில் ஏற்றிவந்து, மாடிப்படியில் தானே சுமந்து ஏறினார்.

"பொழுது சாயட்டும் சார்" என்றார் மூச்சு வாங்க. "அக்கா கோடு ஓடிக்கினு கீது."

அதைக் கேட்டபோதுதான் நான் அழுதேன்.

கருவியை எடுத்துப்போகப் போன வாரம் அக்காவின் மாணவி வந்தார். இப்போது அவரும் அதே கல்லூரியில் ஆசிரியர். அன்றைய கோட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். காலை முதல் மாலை வரை ஒரு வெடிப்பும் இல்லை, ஒரு முள்ளும் இல்லை. "இவ்வளவு சுத்தமான அமைதி நாள் கிடைக்கிறது கஷ்டம் மேடம்" என்றார். "இந்த மாதிரி நாள வெச்சுத்தான் மத்த நாள் எவ்வளவு ஏறிச்சுன்னு அளப்போம்." அந்த நாளையும் தங்கள் ஆய்வில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அக்காவுக்கு ஊசி வலிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், என் தாமதங்களைப் பொறுத்துக்கொண்ட அலுவலகத்தாருக்கும், தூரம் பாராமல் வந்து நின்ற உறவுகளுக்கும் என் நன்றி. மொட்டைமாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டோம், இனி துணி காயப்போடலாம். ஏழுமலை அண்ணனுக்கும் அடுக்ககத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இனி பகலில் தாராளமாக மோட்டார் போட்டுக்கொள்ளுங்கள்.